பிரித்துப் பார்த்துக் கற்றவர்

கோயம்புத்தூர் அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவரைக் கவரவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் இயந்திரங்கள்மீது ஆர்வம் கொண்டார். உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனை வாங்கினார். அதன் பாகங்களைப் பிரித்துப் பார்த்து, மீண்டும் பூட்டினார்.

1920இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அக்காலப் பேருந்தின் இயந்திரத்தை ரேடியேட்டர் நீரே குளிர்வித்தது. நாளடைவில் துருவும் உப்பும் குழாய்களில் படியும். பழைய நீரை வடித்து, உட்புறத்தைக் கழுவி, புதுநீர் ஊற்றாவிட்டால் இயந்திரம் கொதித்து, வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஒரே வண்டியை நம்பியவருக்கு வண்டி நின்றால் பிழைப்பும் நின்றுவிடும். இயந்திரத்தின் உள்ளமைப்பை அவர் அறிந்திருந்தது அப்போது கைகொடுத்தது.

சில ஆண்டுகளில் அவருடைய யு.எம்.எஸ். நிறுவனம் ஏராளமான பேருந்துகளை இயக்கியது. 1937இல் அவரது தொழிற்சாலையில் மின்மோட்டார் உருவானது. இளைஞர்கள் செய்முறைப் பயிற்சி பெற, 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமையத் துணைநின்றார். 1974இல் மறைந்தார்.

கையால் தொட்டுக் கற்கும் கல்வி எந்த ஊரிலும் பயன் தரும். இன்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லாரிகளைப் பழுதுபார்க்கப் பழகும் இளைஞர்களும் அவர் தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்குகின்றனர்.