ஆட்டத்தை அடக்கிய லான்செஸ்டர்



நம்ம பக்கத்து ஆண்டு மலர் என்றாலே கோவை ஜி.டி.நாயுடுவைப் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். இருக்கத்தான் வேண்டும். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத் தொழில் தொடங்கியவர் அல்லவா? பாலசமுத்திரத்துக்காரனான எனக்கு அவர் அடுத்த தெருக்காரர் மாதிரி. ஆனால் இந்த ஆண்டு நான் எழுத வந்திருப்பது வேறொருவரைப் பற்றி. அவர் இங்கிலாந்துக்காரர். பெயர் ஃப்ரெடரிக் வில்லியம் லான்செஸ்டர். மோட்டார் உலகம் நன்கு அறிந்த பெயர். எனக்கு மட்டும் அது இரண்டு மார்க் கேள்வியாகத்தான் தெரிந்திருந்தது, போன செமஸ்டர் லீவு வரைக்கும்.

அந்த லீவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமா ஒரு ஆறு சிலிண்டர் லாரி வைத்திருக்கிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு அடிப்பார். வண்டிக்கு இன்னும் தவணை முடியவில்லை. திடீரென்று ஃபேன் பெல்ட் அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது. இன்ஜினில் ஒரு நடுக்கம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை வரைக்கும் அந்த நடுக்கம் ஏறும். வேகத்தைக் கூட்டினால் அடங்கும், குறைத்தாலும் அடங்கும். காட்டிய இடத்தில் பெல்ட்டை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள், பிறகு இன்ஜின் மவுண்டிங்கையும் மாற்றினார்கள். ஒண்ணும் சரியாகலை. கடைசியில் இன்ஜினையே இறக்கிப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை நகையை எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

எங்க ஊரில் வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் ஒரு பெரிய மேஸ்திரி இருக்கிறார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நகையை வைப்பதற்கு முன்னால் அவரை ஒரு தடவை கூப்பிடலாம் என்றார் மாமா. வந்தவர் ஒரு ஸ்பேனரையும் தொடவில்லை. வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கிற டேம்பர் புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொன்னார். சுண்ணாம்புக் கட்டியால் நடுவில் இருக்கிற ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை நேராக ஒரு கோடு போட்டார். வண்டியைப் பழனி வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொன்னார்.

திரும்பி வந்து பார்த்தால் கோடு இரண்டாக உடைந்திருந்தது! ஹப்பில் இருந்த பாதி ஓரிடத்தில், வளையத்தில் இருந்த பாதி இரண்டு விரல் தள்ளி. நடுவில் இருக்கும் ரப்பர் பிடிப்பு விட்டு, வெளி வளையம் தன் இஷ்டத்துக்கு நழுவிக்கொண்டிருந்தது. அதுதான் வியாதி. நாங்கள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது பெல்ட்டுக்கு.

நண்பர்களே, அந்தப் புல்லியின் தத்துவத்தை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கண் முன்னால் ஆடினபோது எனக்குத் தெரியலை. அந்த வெட்கத்தில்தான் காலேஜ் திறந்ததும் லைப்ரரிக்குப் போய் லான்செஸ்டரைத் தேடினேன்.

அவர் பிறந்தது 1868 அக்டோபர் 23, லண்டனில். தந்தை கட்டடக் கலைஞர். சவுத்தாம்ப்டனிலும் பிறகு லண்டன் சவுத் கென்சிங்டனிலும் படித்தார். பட்டறை வேலையைக் கற்க ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் மாலை வகுப்புக்குப் போனார். பட்டம் வாங்காமலேயே படிப்பை முடித்துக்கொண்டார். டிப்ளமோவோடு நிற்கப் போகிறோமே என்று கவலைப்படும் நம்மில் சிலர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1888-இன் கடைசியில் பர்மிங்ஹாமில் ஒரு கேஸ் இன்ஜின் கம்பெனியில் வாரம் ஒரு பவுண்டு சம்பளத்துக்குச் சேர்ந்தார். வேலையில் இருக்கும்போது அவர் செய்யும் முன்னேற்றம் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இருபது வயசுப் பையன் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்! பிறகு கேஸ் இன்ஜினைத் தானாக ஸ்டார்ட் செய்யும் கருவியைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை வேறொரு கம்பெனிக்கு 3,000 பவுண்டுக்கு விற்றார். வேலைக்குச் சேரும்போது எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடுத்து காரில் இறங்கினார். 1896-இல் அவருடைய முதல் கார் சாலையில் ஓடியது. ஒரே சிலிண்டர், ஐந்து குதிரைத்திறன். ஓடியது சரி, ஆனால் நடுக்கம் தாங்கவில்லை. மற்றவர்களாக இருந்தால் சீட்டுக்கு மெத்தையைக் கூட்டியிருப்பார்கள். இவர் இன்ஜினையே மாற்றினார். இரண்டு சிலிண்டர், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றும் இரண்டு கிராங்க் ஷாஃப்ட். ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று விழுங்கிவிடும். நடுக்கம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதைப் பிடிக்க வேண்டும் என்பது வாழ்நாள் முழுக்க அவர் கொள்கை என்றால் மிகையாகாது.

1899-இல் தம்பி ஜார்ஜ், அண்ணன் தம்பிகளில் இன்னொருவரான ஃப்ராங்க் ஆகியோரோடு லான்செஸ்டர் கம்பெனி உருவானது. 1902-இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காரின் பாகங்கள் எதை எடுத்து எந்தக் காரில் போட்டாலும் பொருந்த வேண்டும் என்று அளவுகளைக் கறாராக வைத்தார். பொருள் நன்றாக இருந்தும் பணம் போதவில்லை. 1904-இல் கம்பெனி கடனில் விழுந்து, பிறகு வேறு பெயரில் எழுந்தது.

1909-இல் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார். அந்தக் காலத்தில் ஆறு சிலிண்டர் இன்ஜின்களைப் பிடித்தாட்டிய பெரிய பேய் கிராங்க் ஷாஃப்ட் முறிவு. காரணம் இதுதான். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு மயிரிழை முறுக்கிக்கொள்கிறது, உடனே விட்டுக்கொள்கிறது. நீளமான ஷாஃப்ட்டில் முறுக்கு அதிகம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னக் கையால் தள்ளினாலும் உயர உயரப் போகுமே, அது போல ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வெடிப்பும் முறுக்கும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். கடைசியில் இரும்பு ஒடியும்.

லான்செஸ்டர் ஷாஃப்ட்டைத் தடியாக்கச் சொல்லவில்லை. அதன் முனையில் ஒரு சின்ன ஃப்ளைவீலை வைத்தார். ஆனால் இறுக்கிக் கட்டவில்லை. எண்ணெயில் வழுக்கும் தட்டுகள் வழியாகப் பிடித்து வைத்தார். ஷாஃப்ட் சீராகச் சுற்றும்போது அதுவும் கூடவே சுற்றும். ஷாஃப்ட் வெடுக்கென்று முறுக்கினால் அது பின்தங்கும். அந்த வழுக்கலில் ஆட்டத்தின் சக்தி சூடாக மாறித் தீர்ந்துவிடும். அதே ஆண்டுகளில் ரோல்ஸ் ராய்ஸில் ஹென்றி ராய்ஸும் இதே வேலையில் இருந்தார். எண்ணெய்க்குப் பதில் ரப்பர் வந்ததும், பெரிய டீசல் இன்ஜின்களுக்குக் கெட்டியான சிலிக்கோன் திரவம் வந்ததும் பின்னால் வந்த கதை. என் மாமா லாரியில் ஆடியதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அவர் மூளை காரோடு நிற்கவில்லை. விமான இறக்கை எப்படித் தூக்கு விசை பெறுகிறது என்று 1894-இலேயே பர்மிங்ஹாமில் ஒரு சபையில் விளக்கினார். 1897-இல் எழுதிக் கொடுத்த கட்டுரையை லண்டன் இயற்பியல் சங்கம் ஏற்கவில்லை. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல் என்பதை நினைத்துப் பாருங்கள்! பிறகு 1907-லும் 1908-லும் இரண்டு பெரிய புத்தகங்களாகவே வெளியிட்டார். 1922-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஆனாலும் கையில் காசு தங்கவில்லை. கடைசிக் காலத்தில் நடுக்குவாதம் வந்தது, கண்பார்வையும் மங்கியது. வாழ்நாளெல்லாம் இன்ஜினின் நடுக்கத்தை அடக்கியவருக்குத் தன் கை நடுக்கத்தை அடக்க வழியில்லை. மற்றவர்களின் உதவியால்தான் சொந்த வீட்டிலேயே இருக்க முடிந்தது. 1945-இல் இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஜேம்ஸ் வாட் பதக்கம் கிடைத்தது. 1946 மார்ச் 8 அன்று பர்மிங்ஹாமில் கண் மூடினார்.

இனி மாமா லாரிக்கு வருவோம். மேஸ்திரி சொல்லச் சொல்ல நான்தான் வேலை செய்தேன். டேம்பரை வெளி வளையத்தில் பிடித்து இழுக்கக் கூடாது, சுத்தியலால் தட்டவும் கூடாது. புல்லரை ஹப்பில் போல்ட் போட்டுத்தான் இழுக்க வேண்டும். கழற்றியபின் சாவியும் சாவிக்காடியும் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் முனையில் அடி விழுந்திருக்கிறதா, ஆயில் சீல் ஓடுகிற இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தோம். வளையம் நழுவியிருந்ததால் அதில் இருந்த டைமிங் குறியும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. புது டேம்பர், புது சீல். நடு போல்ட்டை மேனுவலில் இருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். கடைசியில் ஒரு கம்பியை அசையாமல் கட்டி, அதன் முனையை வளையத்துக்கு நேராக வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். இடைவெளி எங்கேயும் மாறவில்லை.

ஸ்டார்ட் செய்ததும் அந்தப் பழைய வேகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார் மாமா. ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை. அத்தை நகை பெட்டியிலேயே இருக்கிறது.

பட்டம் வாங்காத லான்செஸ்டரும், பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத எங்க ஊர் மேஸ்திரியும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். சத்தம் கேட்கிற இடத்தில் நிற்காமல், அது பிறக்கிற இடத்துக்குப் போனார்கள். நாம் வாங்கப் போகிற டிப்ளமோ அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுபோனால்தான் அதற்கு மதிப்பு. அடுத்த தடவை ஒரு லாரி உங்கள் முன்னால் நடுங்கினால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுங்கள்.

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், பாலசமுத்திரம்