டாக்டர் ஹோமி பாபா

1966-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி ஆல்ப்ஸ் மலையின் மான் பிளாங் சிகரத்தில் ஏர் இந்தியா விமானமொன்று மோதி நொறுங்கிற்று. மாண்ட 117 பேரில் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபாவும் ஒருவர். அணுசக்திக் கமிஷன் தலைவரென்றே தேசம் அவரை அறியும். ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தாருக்கு அவரிடம் தனி உரிமையும் உண்டென்பதை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

1909-ல் பம்பாயில் செல்வம் மிக்க பார்ஸி குடும்பத்தில் பிறந்த பாபா, 1927-ல் எஞ்சினீயரிங் பயிலக் கேம்பிரிட்ஜ் சென்றார். ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் அவர் பொறுப்பேற்க வேண்டுமென்பது குடும்பத்தாரின் எண்ணம். அவர் நாட்டமோ பௌதிகத்தில் இருந்தது. எஞ்சினீயர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாமென்று தந்தையார் இசைந்தார். 1930-ல் மகன் அவ்வாறே தேறினார். தந்தையும் வாக்கைக் காத்தார்.

1939-ல் விடுமுறைக்குத் தாய்நாடு வந்தார். யுத்தம் மூண்டதால் திரும்ப இயலவில்லை. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூரில், ஸர் சி. வி. ராமன் இருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியரானார். அங்கேதான், நம் பணி நம் மண்ணிலேயே என்ற உறுதி அவருள்ளத்தில் வேரூன்றிற்று. ஹிரோஷிமா அழிவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1944 மார்ச்சில், டாட்டா தர்ம நிதிக்கு விண்ணப்பம் விடுத்தார். அணுசக்தி பயன்படும் நாளில் நிபுணர்களைத் தேடி இந்தியா வெளிநாடுகளில் அலையலாகாது என்பதே அதன் சாரம். மறு வருஷம் பெங்களூரில் ஆராய்ச்சி நிலையம் தோன்றிப் பின்னர் பம்பாய்க்கு மாறிற்று. 1956 ஆகஸ்டு 4-ல் டிராம்பேயில் அப்ஸரா அணு உலை இயங்கிற்று. எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. உலையைக் கட்டியவர்கள் இந்தியர்.

கிருஷ்ணகிரி எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் தங்கச் சுரங்கம், தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்தி வெட்டியது. பல்லாண்டுகள் அதன் பொன் அந்நியக் கம்பெனிக்கு லாபமாயிற்று. 1950-களின் தொடக்கத்தில் பாபா தம் இளம் விஞ்ஞானிகளை அச்சுரங்கத்திற்கு அனுப்பினார். விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவற்றைப் பாறை தடுத்துவிடும். எஞ்சுபவற்றை ஆழத்தில் தனித்து ஆராயலாம். 1965-ல் சுமார் 7,600 அடி ஆழத்தில், ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளுடன் கூடி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தை நம்மவர் கண்டனர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, அங்கே பெற்ற அறிவு போகவில்லை.

இத்தகையவர் வறண்ட கணக்கர் அல்லர். இளமையில் வீட்டு இசைத்தட்டுகளில் கேட்ட பீத்தோவன், மொஸார்ட் ஸங்கீதம் ஆயுள் முழுதும் அவருக்குத் துணையாயிருந்தது. சித்திரமும் வரைவார். கட்டடங்களுக்காக மரங்களை வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்தார். நாய்களிடம் பேரன்பு கொண்டவர். அவர் மறைந்தபின் கியூபிட் என்ற அவருடைய செல்ல நாய் ஆகாரம் மறுத்து உயிர்விட்டதென்று கூறுவர்.

இன்று ஓசூரெங்கும் ஆலைகள். அவை பெருகுவதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பிறர் தீட்டிய படத்தைப் பார்த்துத் திருகாணி முடுக்குவதோடு நம் இளைஞர் நின்றுவிடலாமா? ஆலை கேட்டுப் போராடும் தேசத் தொண்டர்கள், ஆராய்ச்சிசாலையும் நூல் நிலையமும் ஸங்கீத மண்டபமும் கேட்டுப் போராட வேண்டும். கைக்கு வேலை கிடைத்தால் போதாது. மூளைக்கும் இருதயத்துக்கும் வேலை வேண்டும். அதுவே பாபாவுக்கு நாம் செலுத்தத் தக்க அஞ்சலி.