பாஸ்கா இரவில் மறுபிறப்படைந்த அகுஸ்தினார்

கி.பி. 354-ல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் பிறந்த புனித அகுஸ்தினார், கல்வியில் சிறந்தும் மனம்போன போக்கில் வாழ்ந்தார். தாய் மோனிக்கம்மாளோ கண்ணீரோடு செபித்து வந்தார். மிலான் நகரில் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகள் அவர் நெஞ்சைத் தொட்டன. 387-ம் ஆண்டு பாஸ்கா இரவில், தம் மகனோடு ஞானஸ்நானம் பெற்றார். மனம் நிறைந்த தாய் அவ்வாண்டிலேயே கண்மூடினார். பின்னர் ஹிப்போ நகரின் ஆயராகி, 430-ல் இறக்கும்வரை தம் மந்தையைக் காத்தார்.

பழைய மனிதனைத் தண்ணீரில் புதைத்துவிட்டுக் கிறிஸ்துவோடு புதிதாய் எழுவதே பாஸ்கா. ஆண்டுதோறும் அவ்விரவில் நாமும் எரியும் திரியைக் கையிலேந்தி ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். திருநாள் புத்தாடையைக் கழற்றும்போது அவ்வாக்கையும் கழற்றி வைத்துவிடலாகாது. பிள்ளைகளுக்காகக் கண்ணீர் வடிக்கும் தாய்மார் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் மனந்தளர வேண்டாம்.