கூடாரத்தில் குத்துச்சண்டை போட்டவர் கவர்னர் ஆனார்!

ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் குடியேறினார்கள். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கு வாழ்பவர்கள் பூர்வகுடி மக்கள். சொந்த மண்ணிலேயே அவர்கள் அன்னியரைப் போல நடத்தப்பட்டார்கள். அந்த மக்களில் பிறந்து, முதன் முதலாகக் கவர்னர் பதவியில் அமர்ந்தவர் டக் நிக்கல்ஸ்.

அக்காளைப் பிரித்தார்கள்

நிக்கல்ஸ் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி பிறந்தார். ஊர், மரே ஆற்றங்கரையில் உள்ள கும்மராகுஞ்சா. அது பூர்வகுடி மக்களின் குடியிருப்பு.

அந்தக் காலத்தில் ஒரு கொடுமை நடந்து வந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை பழக்கி, வெள்ளைக்காரர் வீடுகளுக்கு அனுப்புவார்கள்.

நிக்கல்சுக்கு வயது 8. ஒருநாள் போலீசார் வந்தார்கள். 16 வயது அக்காளைப் பிடித்துச் சென்றார்கள். சிறுவன் அதைக் கண்ணால் பார்த்தான்.

சிறு வயதிலேயே அவன் ஆட்டுப் பண்ணை வேலைக்குப் போனான். கம்பளி கத்தரிக்கும்போது ஆடுகளுக்குக் காயம் ஏற்படும். அதில் தார் பூசுவதுதான் அவன் வேலை.

யாரும் பக்கத்தில் வரவில்லை

நிக்கல்சின் உயரம் 5 அடி 2 அங்குலம்தான். ஆனால் மின்னல் போல ஓடுவார். 1929-ல் இரண்டு ஊர்களில் நடந்த பெரிய ஓட்டப் பந்தயங்களில் முதல் பரிசு பெற்றார்.

மெல்போர்ன் நகரில் பெரிய கால்பந்துக் குழு ஒன்றில் சேரப் போனார். அங்கிருந்தவர்கள், அவர் மேல் நாற்றம் வீசுவதாகச் சொல்லி ஒதுக்கினார்கள். நிக்கல்ஸ் வெளியேறினார். நார்த்கோட் என்ற வேறு குழுவில் சேர்ந்தார். 1929-ல் அந்தக் குழு கோப்பையை வென்றது.

1931-ல் நாடெங்கும் வேலை இல்லாத் திண்டாட்டம். நிக்கல்ஸ் ஜிம்மி ஷார்மன் என்பவரின் குத்துச்சண்டைக் கூடாரத்தில் சேர்ந்தார். ஊர் ஊராகத் திருவிழாக்களில் கூடாரம் போடுவார்கள். சவால் விட்டு வருகிறவன் எவனானாலும் அவனோடு மோத வேண்டும்.

1932-ல் பிட்ஸ்ராய் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. உடை மாற்றும் அறையில் நிக்கல்ஸ் தனியே ஒரு மூலையில் உட்கார்ந்தார். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஹேடன் பண்டன் எழுந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முதல் இருவரும் நண்பர்கள். 1935-ல் விக்டோரியா மாநிலக் குழுவிலும் நிக்கல்ஸ் இடம் பெற்றார். பூர்வகுடி மக்களில் அந்த இடத்தைப் பெற்ற முதல் ஆள் அவரே.

போலீசாரே கேட்டார்கள்

இரண்டாம் உலகப் போரில் அவரைப் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். ஆனால் 1942-ல் பிட்ஸ்ராய் போலீசாரே அவரைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பகுதியில் பூர்வகுடி மக்கள் வறுமையிலும் குடியிலும் சீரழிந்து கொண்டிருந்தார்கள். அவர்களைத் திருத்த நிக்கல்சால்தான் முடியும் என்று போலீசார் நம்பினார்கள். அக்காளைக் கொண்டுபோனதும் போலீஸ்தான். தம்பியின் உதவியை நாடியதும் போலீஸ்தான்!

நிக்கல்ஸ் பாதிரியார் ஆனார். அவரும் மனைவி கிளாடிசும் ஏழைகளுக்கு உதவினார்கள். வேலை தேடி நகரத்துக்கு வரும் பூர்வகுடிப் பெண்களுக்குத் தங்கும் விடுதி நடத்தினார்கள்.

1957-ல் பூர்வகுடி மக்களின் முன்னேற்றத்துக்காக ஒரு சங்கம் தோன்றியது. அதில் நிக்கல்ஸ் முன்னின்று உழைத்தார். லேக் டயர்ஸ் குடியிருப்பை மூட சர்க்கார் முயன்றபோது, 1963-ல் தம் வாரிய உறுப்பினர் பதவியை உதறிவிட்டுப் போராடினார். 1971-ல் அந்த நிலம் அங்கு வாழ்ந்த மக்களுக்கே சொந்தமாயிற்று.

பூர்வகுடி மக்களையும் ஜனத்தொகைக் கணக்கில் சேர்க்கலாமா என்று 1967-ல் நாட்டு மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். நிக்கல்ஸ் அதற்காகப் பிரசாரம் செய்தார். 100-க்கு 90 பேருக்கு மேல் சேர்க்கலாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

கவர்னர் மாளிகையில்...

1972-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1976 டிசம்பர் 1-ந் தேதி தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் கவர்னர் ஆனார். பக்கத்தில் உட்காரவும் ஆள் வராத மனிதரை, மாளிகையில் காத்திருந்து பார்த்தார்கள்!

உடல் நலம் கெட்டதால் 5 மாதத்தில் பதவி விலகினார். 1988 ஜூன் 4-ந் தேதி காலமானார். அவர் உடலைக் கும்மராகுஞ்சாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அக்காளைப் பறிகொடுத்த அதே ஊரில், தம் மக்களோடு மக்களாக அவர் துயில்கிறார்.