பிழை தேடிய பெருமாட்டி கிரேஸ் ஹாப்பர்

குறை காண்பது எளிது. குறையின் காரணம் காண்பது அரிது. ஓர் இயந்திரம் பழுதாகிவிட்டால் அதைத் தட்டிப் பார்ப்போரும் திட்டித் தீர்ப்போரும் பலர். அது ஏன் பழுதாயிற்று என்று பொறுமையோடு தேடி, கண்டதை மறைக்காமல் எழுதி வைப்போர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். கணித ஆசிரியையாக வாழ்வைத் தொடங்கி, கடற்படையில் உயர் பதவி பெற்று, கணிப்பொறி உலகில் அழியாப் புகழ் எய்திய அவருடைய வரலாற்றை மாணவியர் ஒவ்வொருவரும் அறிதல் நன்று.

இளமையும் கல்வியும்

1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் மர்ரி குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார் கிரேஸ். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று அறிய ஆவல் கொண்டு ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று பார்த்துக் கற்க அடுத்த கடிகாரத்தைப் பிரித்தார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாயின! அன்னையார் அடிக்கவில்லை, இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று விதித்தார். மகளின் ஆர்வத்தை அணைக்காமல் அதற்கு ஓர் எல்லை மட்டும் வகுத்த அந்தத் தாயின் அறிவு பெற்றோர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

தந்தையார் நோயின் காரணமாகக் கால்களை இழந்தவர். ஆயினும் மகனுக்குக் கிடைக்கும் கல்வி மகள்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். வாசர் என்னும் மகளிர் கல்லூரியில் சேர முயன்ற கிரேஸுக்கு லத்தீன் மொழியில் மதிப்பெண் போதவில்லை, இடம் மறுக்கப்பட்டது. அவர் மனம் தளராமல் ஓராண்டு படித்து மறு ஆண்டு சேர்ந்தார். 1928-இல் பட்டமும், யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலைப் பட்டமும், 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்னும் ஆசிரியரை மணந்தார். அந்த மணவாழ்வு 1945-இல் முடிவுற்றது, குழந்தைகள் இல்லை. 1931 முதல் தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்து வந்தார்.

நாட்டுப் பணி

1941-ஆம் ஆண்டு இறுதியில் இரண்டாம் உலகப் போர் அமெரிக்காவையும் சூழ்ந்தது. கிரேஸின் கொள்ளுத் தாத்தா கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். தாமும் கடற்படையில் சேர வேண்டும் என்று விரும்பினார் கிரேஸ். வயது அதிகம் என்றார்கள். எடையோ விதித்த அளவுக்கு 15 பவுண்டு குறைவு. பேராசிரியையாக இருப்பதே நாட்டுக்குப் பயன் என்றும் கூறினார்கள். அவர் விடவில்லை. விதிவிலக்குப் பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்றுத் தேறினார். தம்மைவிட வயதில் மிகவும் இளைய பெண்களோடு சமமாக நின்று பெற்ற முதலிடம் அது.

1944-இல் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு ஐக்கன் என்பவரின் தலைமையில் மார்க் 1 என்னும் கணிப்பொறி இயங்கி வந்தது. அதன் நீளம் 51 அடி, உயரம் 8 அடி. எடை ஏறக்குறைய 5 டன். ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ‘கடகட’வென ஒலித்த அந்த இயந்திரத்துக்குத் துளையிட்ட காகித நாடாவின் வழியே கட்டளைகள் கொடுக்க வேண்டும். போர்க்காலமாதலால் இரவு பகல் ஓய்வின்றி அது கணக்கிட்டது. பீரங்கிக் குண்டு எங்கே சென்று விழும் என்பது போன்ற கணக்குகள் அவை. ஓர் எண் தவறினாலும் களத்தில் நிற்கும் வீரரின் உயிருக்கே ஆபத்து. எனவே பிழை தேடுவது அங்கே வெறும் எந்திர வேலையாக இருக்கவில்லை. உயிர் காக்கும் பணியாக இருந்தது. அந்த இயந்திரத்தைக் கையாள்வதற்கு 561 பக்கம் கொண்ட கையேட்டையும் அம்மையார் உருவாக்கினார். அது 1946-இல் வெளிவந்தது.

ரிலேயில் சிக்கிய பூச்சி

அடுத்ததாக மார்க் 2 என்னும் கணிப்பொறி அமைக்கப்பட்டது. அதனுள்ளே ரிலே எனப்படும் மின் இணைப்பான்கள் ஆயிரக்கணக்கில் திறந்து மூடிக்கொண்டிருந்தன. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் அது சரியாக இயங்கவில்லை. சோதனை மேல் சோதனை செய்து பார்த்தார்கள். பிற்பகல் 3.45 மணிக்கு 70-ஆம் எண் ரிலேயில் காரணம் அகப்பட்டது. ஒரு சிறிய விட்டில் பூச்சி அதனிடையே சிக்கி இறந்து கிடந்தது!

பழுதைப் ‘பூச்சி’ என்னும் பொருள் தரும் ‘பக்’ என்ற ஆங்கிலச் சொல்லால் குறிப்பது எடிசன் காலத்திலேயே பொறியாளரிடம் இருந்த வழக்கம். இங்கோ உண்மையான பூச்சியே அகப்பட்டுவிட்டது. அதை நாட்குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் குறித்து, நகைச்சுவையாக ஒரு வரியும் எழுதி வைத்தார்கள். அதைக் கண்டெடுத்தவர் ஹாப்பர் அம்மையார் அல்லர், உடன் பணியாற்றியவர்களே. ஆயினும் அந்தக் கதையை மேடைதோறும் சொல்லி உலகறியச் செய்தவர் அவரே. அந்தக் குறிப்பேடு பூச்சியோடு இன்றும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்நிகழ்ச்சியில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எப்போதும் இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து மறையும் பழுதே கடினம். இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும்போது திரையில் திடீரென்று கோடுகள் ஓடுகின்றன, எழுத்துகள் சிதறுகின்றன, வண்ணக் கட்டங்கள் தெறிக்கின்றன. ஆசிரியையை அழைத்து வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது! அப்போது செய்ய வேண்டியது என்ன? அந்தப் பழைய குறிப்பேட்டின் வழியே சிறந்த வழி. எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, கணிப்பொறி எவ்வளவு நேரம் ஓடிய பின் அது தோன்றியது என்று முதலில் எழுதி வைக்க வேண்டும். மறுமுறை தோன்றும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கணிப்பொறியில் பார்க்க வேண்டும். படத்திலும் அந்தக் கோடு இருந்தால் பழுது உள்ளே உள்ளது. கிராஃபிக்ஸ் கார்டோ, அதை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளோ காரணமாகலாம். படம் தெளிவாக இருந்தால் கேபிளையோ மானிட்டரையோதான் பெரும்பாலும் ஐயுற வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும்: கேபிளை அழுத்திப் பொருத்துதல், வேறு மானிட்டரை இணைத்தல், சூடு ஏறாதபடி உள்ளே படிந்த தூசியை அகற்றச் செய்தல், டிரைவரைப் புதுப்பித்தல் என ஒவ்வொன்றாக. நான்கையும் ஒருசேர மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாமலே போய்விடும்.

பிழை வராமல் காத்தவர்

போர் முடிந்த பின் கடற்படையில் நிலையான பணி கேட்டார். வயது கடந்துவிட்டது என்று மறுத்தார்கள். 1949-இல் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்து யூனிவாக் கணிப்பொறிக்காக உழைத்தார். அங்கே அவர் ஒன்றைக் கவனித்தார். ஒருவர் முன்பே எழுதிய கட்டளைகளை மற்றவர் பார்த்து எழுதும்போதுதான் பிழைகள் மலிந்தன. எழுதும் வேலையைக் கணிப்பொறியே செய்தால் என்ன என்று சிந்தித்தார். 1952-இல் அதற்கான ‘கம்பைலர்’ என்னும் முறையை உருவாக்கிக் காட்டினார். கணிப்பொறிக்குக் கூட்டல் கழித்தல் மட்டுமே தெரியும் என்று பலர் நம்ப மறுத்தனர். அவர் வாதிட்டு நேரம் போக்காமல் செய்து காட்டினார். பின்னர் சாதாரண ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் மொழி ஒன்றையும் அமைத்தார். 1959-இல் பலர் கூடி உருவாக்கத் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே முக்கிய அடிப்படையாயிற்று. வங்கிகள் பலவற்றின் கணக்குகள் இன்றும் அம்மொழியில் இயங்குகின்றன.

1966-இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். மறு ஆண்டே ஆறு மாதப் பணிக்கென மீண்டும் அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது! ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்து, 1986-இல் தம் 79-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். பழக்கம் என்பதற்காகவே ஒன்றைச் செய்யக் கூடாது என்று காட்டத் தம் அலுவலகத்தில் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் எவ்வளவு தூரம்தான் செல்ல முடியும் என்று விளக்க, ஏறக்குறைய 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கேட்போருக்கெல்லாம் வழங்குவார். கடைசிவரை அவர் ஆசிரியையாகவே இருந்தார்.

1992 ஜனவரி 1-ஆம் நாள் அம்மையார் உயிர் நீத்தார். இராணுவ மரியாதையுடன் ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டார். கடற்படைக் கப்பல் ஒன்று அவர் பெயர் தாங்கி 1997 முதல் பணியாற்றி வருகிறது. 2016-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கமும் அவர் நினைவுக்கு அளிக்கப்பட்டது.

அன்பு மாணவியரே! இடம் மறுத்தபோதும், வயதைக் காட்டித் தடுத்தபோதும் அவர் சோர்ந்து போகவில்லை. பிழை நேர்ந்தபோது அதை யார் தலையில் சுமத்தலாம் என்று பார்க்காமல், காரணம் எங்கே என்று தேடும் கூட்டத்தில் ஒருவராக நின்றார். கணக்கில் தவறு நேர்ந்தாலும், கணிப்பொறி தடுமாறினாலும், நம் நடத்தையிலே குறை தோன்றினாலும் அதை மறைக்காமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருத்துவதே அறிவுடைமை. இறைவன் நமக்குத் தந்த தாலந்துகளை மண்ணில் புதைத்து வைக்காமல், ஹாப்பர் அம்மையாரைப் போல உழைத்துப் பெருக்கி, வீட்டுக்கும் நாட்டுக்கும் பயன்பட வாழ்வோமாக!