நத்தைக்கு மருந்து ஆர்டர் போடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி நம்மாழ்வாரைத் தெரிஞ்சுக்கோங்க!

ஐப்பசி மழை ராத்திரி முழுக்கப் பெய்ஞ்சு, விடியக்காலையிலதான் விட்டிருக்கு. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் விமானத்துல ஈரம் இன்னும் காயல. தெருவுல தறிச் சத்தம் ஆரம்பிக்கல. காபி டம்ளரோட நீங்க மாடித்தோட்டத்துக்கு ஏறுறீங்க.

நேத்து சாயங்காலம் வரைக்கும் தளதளன்னு இருந்த சிறுகீரையில இப்ப தண்டு மட்டும்தான் நிக்குது. முளைச்சு நாலு இலை விட்ட வெண்டைக்கன்னு ரெண்டைக் காணோம். தொட்டி விளிம்புல வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி மினுமினுன்னு ஒரு கோடு. தொட்டியை நகர்த்திப் பார்த்தா, அடியில நாலஞ்சு பேர் நிம்மதியா தூங்கிட்டு இருக்காங்க. ஒருத்தருக்கு முதுகுல ஓடு இருக்கு. மத்தவங்களுக்கு அதுவும் இல்ல. ஓடில்லாததை நம்ம ஊர்ல சிலர் அட்டைனு சொல்வாங்க. ஆனா, ரத்தம் குடிக்கிற அட்டை வேற. இது ஓடு இல்லாத நத்தை.

உடனே கை போனைத் தேடும். நத்தை மருந்துன்னு தட்டினா நாளைக்கே வீட்டு வாசலுக்கு வந்துடும்.

அந்த ஆர்டரைப் போடுறதுக்கு முன்னாடி ஒருத்தரோட கதையைக் கேளுங்க. பயிர்ல பூச்சியைப் பார்த்தா, எதை அடிக்கலாம்னு கேட்காம, இது ஏன் வந்துச்சுன்னு கேட்டவர். பச்சைத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, சட்டை போடாத உடம்பு. ரீல்ஸ்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. கோ.நம்மாழ்வார். அவர் மறைஞ்சப்போ உங்கள்ல பல பேர் ஸ்கூல் பை தூக்கிட்டு இருந்திருப்பீங்க.

காவிரிக்கரைப் பையன்

நம்மாழ்வார் பிறந்தது 1938 ஏப்ரல் 6. ஊர், தஞ்சாவூர் மாவட்டத்தில் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள இளங்காடு. தாராசுரத்துக்குப் பாயுற அதே காவிரிதான் அந்த ஊருக்கும். விவசாயக் குடும்பம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையில் பட்டம் பெற்றார்.

அவர் படிச்சு முடிச்ச காலத்தைக் கொஞ்சம் கவனிங்க. நாட்டில் உணவுப் பஞ்சம் பற்றிய பயம் இருந்த நேரம். 1960-களின் தொடக்கத்திலேயே மத்திய அரசின் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் தேர்வாகிவிட்டது. புது விதை, ரசாயன உரம், பூச்சிக்கொல்லி என்று மூன்றும் சேர்ந்து வயலுக்குள் வந்தன. விளைச்சல் கூடியது உண்மை. வேளாண் பட்டதாரிகளுக்கு அது நல்ல காலம்.

1963-ல், கோவில்பட்டியில் இருந்த அரசு மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நம்மாழ்வாருக்கு வேலை கிடைத்தது. பருத்தி, சிறுதானியப் பயிர்களில் செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி விடலாம், ரசாயன உரத்தை எந்த அளவில் போட்டால் எவ்வளவு விளையும் என்று சோதித்துப் பார்ப்பதுதான் வேலை.

ஆராய்ச்சிப் பண்ணையின் வேலியைத் தாண்டினால் கரிசல்காடு. வானம் பார்த்த பூமி. உரத்துக்கும் மருந்துக்கும் கையில் காசில்லாத மானாவாரி விவசாயிகள். வேலிக்குள் கண்டுபிடிப்பது வேலிக்கு வெளியே இருக்கிறவருக்கு உதவவில்லை என்றால், யாருக்காக இந்த ஆராய்ச்சி? ஆராய்ச்சியின் போக்கையே மாற்ற வேண்டும் என்று உள்ளேயிருந்து சொல்லிப் பார்த்தார். எதுவும் மாறவில்லை. 1969-ல் வேலையை விட்டுவிட்டார்.

அப்போ அவருக்கு வயசு 31. நிரந்தர அரசு வேலையை அந்த வயசுல விட்டா வீட்டிலும் ஊரிலும் என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

களக்காட்டில் மறுபடியும் படிப்பு

அடுத்த பத்து வருஷம் திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டில். அமைதிக்கான நோபல் பரிசை 1958-ல் பெற்ற பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' அமைப்பில், விவசாயிகளோடு வேலை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே, நம்ம வினோபா பாவே இருவரின் சிந்தனையும் அவரைப் பிடித்துக்கொண்டது. படித்தவர் மேலேயிருந்து சொல்ல, படிக்காதவர் கீழேயிருந்து கேட்பது கல்வி ஆகாது என்பது அவருக்கு உறைத்தது.

விவசாயி வெளியே காசு கொடுத்து வாங்குவதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். நிலத்துக்குத் தேவையானது நிலத்திலிருந்தே கிடைக்க வேண்டும் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தார். அவருடைய பூச்சி மேலாண்மை முழுக்க இந்த ஒரு முடிவிலிருந்து முளைத்ததுதான்.

1979-ல் 'குடும்பம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பிறகு புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் கொளுஞ்சிப் பண்ணை. கடைசியாக, கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் சுருமான்பட்டியில் 'வானகம்'. காய்ந்து கிடந்த மேட்டு நிலங்களாகப் பார்த்துத்தான் போனார். கெட்டுப்போன மண்ணையும் மீட்கலாம் என்று காட்டுவதுதான் நோக்கம். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் கடல் நீர் புகுந்து உப்பேறிய வயல்களிலும் அதையே செய்தார். பசுந்தாள் பயிர்களை வளர்த்து, மடக்கி உழுது, மண்ணுக்கு மறுபடி உயிர் கொடுக்கும் வேலையில் அந்த விவசாயிகளோடு நின்றார்.

அடிக்க அடிக்க ஏன் கூடுது?

மருந்து அடிச்ச முதல் வாரம் பூச்சி இல்ல. மூணாவது வாரம் ரெண்டு மடங்கா வருது. இதை நீங்களும் பார்த்திருப்பீங்க.

காரணம் எளிமையானது. செடியில் இருக்கும் எல்லாப் பூச்சியும் செடியைத் தின்பதில்லை. அசுவினியைப் பொறிவண்டு தின்னும். புழுவைக் குளவி தூக்கிப் போகும். சிலந்தி வலையில் விழுவதெல்லாம் அதுக்குச் சாப்பாடு. மருந்து ஆள் பார்த்து அடிப்பதில்லை, எல்லாரையும் கொல்லும். திரும்ப வேகமாகப் பெருகுவது இலையைத் தின்கிற கூட்டம்தான். அதைத் தின்கிற கூட்டம் மெதுவாகத்தான் வரும்.

டெல்டா விவசாயிக்குப் புகையான் என்றாலே நடுக்கம். நெல்லின் சாற்றை உறிஞ்சி, வயலையே புகைந்துபோன மாதிரி ஆக்கும் தத்துப்பூச்சி. இந்தோனேசியாவில் இதுவே நெல் விளைச்சலை மிரட்டியபோது, மருந்தடித்துச் சிலந்திகளையும் சேர்த்துக் கொன்றதுதான் புகையானைப் பெருக்கியது என்று விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1986-ல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல் வயலில் பயன்படுத்தத் தடை போட்டது.

நம்ம ஊரிலும் ஒரு உதாரணம் உண்டு. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பொடிப் பொடிக் குளவிகள்தான் அதை அடக்கின.

நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் சொன்னதும் இதைத்தான். பூச்சிகளில் நன்மை செய்வதும் உண்டு. முதலில் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். கொல்லியைவிட விரட்டி போதும். விரட்டி செய்யக் கடைக்குப் போக வேண்டாம். ஆடு மாடு கடிக்காத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை என்று வேலியோரத்திலேயே எல்லாம் இருக்கு. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு.

அந்த வேம்புக்கே ஒருமுறை ஆபத்து வந்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல் உரிமை கொடுத்தது. நம்ம பாட்டிகள் காலங்காலமாகச் செய்ததுக்கு வேறொருவர் உரிமை கொண்டாடுவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. இந்தியாவிலிருந்து எழுந்த குரல்களில் நம்மாழ்வாரின் குரலும் ஒன்று. 2000-ல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது.

சரி, நத்தைக்கு என்ன வழி?

நம்மாழ்வார் வழியில முதல் கேள்வி, ஏன் வந்துச்சு? நத்தைக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு: ஈரம், ஒளிய இடம். நீங்க சாயங்காலம் தண்ணி ஊத்துறீங்க; ராத்திரி முழுக்க மண் ஈரமா இருக்கு. தொட்டிகள் நெருக்கமா இருக்கு. அடியில பழைய சாக்கு, தேங்காய் மட்டை. நீங்களே ரூம் போட்டுக் கொடுத்திருக்கீங்க!

தண்ணியைக் காலையில ஊத்துங்க. தொட்டிகளைச் செங்கல் மேல ஏத்தி, நடுவுல இடைவெளி விடுங்க. நம்மாழ்வார் ரொம்ப வலியுறுத்தின மூடாக்கு, அதாவது காய்ந்த இலை தழையால மண்ணை மூடுறது, வெயில் காலத்துல அமிர்தம். அடைமழையில அதுவே நத்தைக்கு மெத்தை. அதனால, மழை மாசத்துல மூடாக்கைத் தண்டுலேர்ந்து ஒரு சாண் தள்ளி, மெல்லிசா போடுங்க.

அடுத்து, வேப்பங்கரைசலை நம்பி நத்தை மேல இறங்காதீங்க. நத்தை, பூச்சி இனமே கிடையாது. சிப்பிக்குச் சொந்தக்காரன். அதுக்குக் கைதான் வைத்தியம். ராத்திரி ஈரச் சாக்கை விரிச்சு, மேல பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு வைங்க. காலையில சாக்கைத் தூக்கினா மொத்தக் கூட்டமும் அடியில இருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணி வாளியில போடுங்க. வெறும் கையால தொடாதீங்க. மூளையைப் பாதிக்கிற ஒட்டுண்ணிப் புழு நத்தையில இருக்கலாம். கீரையையும் நல்லா அலசிச் சமைங்க. உப்பை நேரா மண்ணுல தூவினா நத்தையோட செடியும் போயிடும். சாம்பலோ சுண்ணாம்புத் தூளோ தொட்டியைச் சுத்திப் போடலாம். ஆனா, நனைஞ்சுட்டா பலன் இல்ல.

உள்ளங்கை நீளத்துக்கு வளர்ற பெரிய நத்தை நம்ம ஊர்க்காரனே இல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847-ல மொரீஷியஸ்லேர்ந்து கொல்கத்தாவுக்கு வந்து, அங்கேர்ந்து பரவினது. இங்க அதைத் தின்கிற எதிரிகள் கம்மி. அதான் இவ்வளவு ஆட்டம்.

கடையில கிடைக்கிற நத்தைக் குருணையில பெரும்பாலும் இருக்கிறது மெட்டால்டிஹைடு. அதைத் தின்னா நாய், பூனையும் சாகலாம். கீரைத் தொட்டிக்குப் பக்கத்துல அது வேணுமான்னு யோசிங்க.

அசுவினி, மாவுப்பூச்சி, இலை தின்னும் புழு இதுக்கெல்லாம் வேம்பு வேலை செய்யும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சுத் துணியில கட்டி, 1 லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வைங்க. காலையில பிழிஞ்சு வடிகட்டி எடுத்து வைங்க. சாயங்காலம் கொஞ்சம் சோப்பு கரைச்சுக் கலந்து, இலையின் அடிப்பக்கம் படுற மாதிரி தெளிங்க. வெயில் பட்டா வீரியம் போயிடும். உடனே எதுவும் செத்து விழாது. தின்கிறதை நிறுத்தும், வளர்ச்சி தடைபடும். நாலு நாள் பொறுமை வேணும்.

கடைசிவரை டெல்டா

இயற்கை விவசாயத்தால் இத்தனை கோடிப் பேருக்குச் சோறு போட முடியுமா என்று அவர் இருந்தபோதே விஞ்ஞானிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2021-ல் இலங்கை ஒரே உத்தரவில் ரசாயன உரத்தை நிறுத்தி, விளைச்சல் விழுந்து, சில மாதங்களிலேயே பின்வாங்கியதையும் பார்த்தோம். மண்ணைத் தேற்ற வருஷங்கள் ஆகும். ஆனா, உங்க பத்துத் தொட்டிக்கு இந்தக் கணக்கு வேற. தாராசுரம் மார்க்கெட்ல வாங்குற காய்ல என்ன அடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. மாடியில வளர்ற கீரையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அடிக்கிறவரும் நீங்கதான், மறுவாரம் அதைக் கடைஞ்சு சாப்பிடுறவரும் நீங்கதான்.

மரபணு மாற்றக் கத்தரிக்காயை எதிர்த்து நின்றவர்களில் நம்மாழ்வாரும் ஒருவர்; 2010-ல் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. அதன்பின் டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தது. 75 வயதில் உடம்பு ஒத்துழைக்காத நிலையிலும் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசினார். அந்தப் பயணத்தின் நடுவில்தான், பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் 2013 டிசம்பர் 30 அன்று இறந்தார். உடலை வானகத்து மண்ணிலேயே புதைத்தார்கள். இன்றும் அங்கே பயிற்சிக்கு வருகிறவர்களில் உங்க வயசுக்காரங்க நிறைய.

போனைக் கீழ வைக்காதீங்க, இன்னைக்கு அது தேவைப்படும். ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச்சைப் போட்டுக்கிட்டு மாடிக்குப் போங்க. யார் வர்றாங்க, எங்கேர்ந்து வர்றாங்க, எதைத் தின்றாங்கன்னு பத்து நிமிஷம் பாருங்க. கூட ஒரு வாளியும் கையுறையும்.