எலிக்குக் கிடைத்த காற்று

தென்னாப்பிரிக்கக் காடுகளில் காயமுற்ற காண்டாமிருகத்திற்குச் சிகிச்சை செய்ய, மருத்துவர்கள் துப்பாக்கி மூலம் மயக்க ஊசி செலுத்துகின்றனர். அம்மருந்தே அதன் சுவாசத்தை ஒடுக்கி உயிருக்கு உலை வைத்துவிடலாம். ஆகவே கண்களைத் துணியால் கட்டி, மூக்கில் குழாயிட்டுப் பிராணவாயுவைச் செலுத்துகின்றனர். இவ்வாயுவைக் கண்டறிந்தவருள் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லியின் வாழ்வை நாம் அறிவோமா?

இவர் 1733-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து அத்தையிடம் வளர்ந்தார், சமயப் போதகரானார். பல்வகை வாயுக்களையும் ஆராய்ந்து வந்தார். 1774 ஆகஸ்டு 1-ஆம் நாள், பெரிய கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரச ஆக்ஸைடு என்னும் செந்தூளைச் சூடாக்கினார். வெளிவந்த வாயுவில் மெழுகுவத்தி சுடர்விட்டு எரிந்தது. மறு ஆண்டு அவ்வாயு நிரம்பிய கலத்தில் ஓர் எலியை விட்டார். சாதாரணக் காற்றில் கால்மணி நேரமே தாங்கக்கூடிய எலி அரைமணி நேரம் தாங்கியது. வெளியே எடுத்தபோது இறந்ததுபோல் கிடந்தது. நெருப்பருகே வைத்ததும் பிழைத்தெழுந்தது! தாமும் அதைச் சுவாசித்துப் பார்த்த அவர், நோயாளருக்கு இது உதவலாம் என எழுதி வைத்தார். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் அதற்கு ஆக்ஸிஜன் எனப் பெயரிட்டார்.

1791-இல், அவருடைய கருத்துக்களை வெறுத்த கும்பல் ஒன்று பர்மிங்ஹாமில் அவரது வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் கொளுத்தியது. 1794-இல் அமெரிக்கா சென்ற அவர், 1804-இல் அங்கேயே மறைந்தார்.

அவர் உழைப்பை எந்தத் தீயாலும் அழிக்க இயலவில்லை. அன்று ஒரு சிற்றெலி சுவாசித்துக் காட்டிய வாயு, இன்று காட்டில் மயங்கிக் கிடக்கும் வாயில்லா ஜீவனின் மூச்சைக் காக்கிறது. நாம் கற்கும் கல்வியும், இறைவன் நம் பொறுப்பில் விட்ட உயிர்களுக்கு என்றேனும் பயன்பட வேண்டுவோமாக!